காஸ்டிக் சோடா: மேலே பட்டால் என்ன செய்வது, படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பால் தொழிற்சாலை ஒன்றில் கழுவும் பிரிவில் பல வருடம் ஷிப்ட் பார்த்தவன் நான். புதிதாகச் சேரும் பையன்கள், பராமரிப்பு வேலைக்கு வரும் ஒப்பந்த ஆட்கள், ஓட்டல் வைத்திருக்கும் நண்பர்கள், வீட்டில் சோப்பு காய்ச்சும் உறவுக்காரப் பெண்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. வழக்கமாக ‘காஸ்டிக் சோடா என்றால் என்ன’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் விபத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கையில் கொட்டிக்கொண்டு இதைப் படிப்பவருக்கு வேதியியல் பாடம் அப்புறம் போதும்.

கண்ணில் தெறித்துவிட்டது. என்ன செய்ய?

படிப்பதை நிறுத்திவிட்டு தண்ணீருக்கு ஓடுங்கள். கண் கழுவும் குழாய் இருந்தால் அங்கே. இல்லையென்றால் சாதாரணக் குழாய், ஹோஸ், குடிதண்ணீர் கேன், எது பக்கத்தில் இருக்கிறதோ அது. சுத்தமான தண்ணீராக இருந்தால் போதும், மருந்துக் கடைத் திரவத்தைத் தேடி ஒரு நிமிடம்கூடப் போக்க வேண்டாம்.

இமை தானாக இறுக மூடிக்கொள்ளும். அதை விரலால் பிரித்துப் பிடித்தபடி தண்ணீர் விட வேண்டும். கூட இருப்பவர் பிடித்துக்கொண்டால் நல்லது. ஒரு கண்ணில் மட்டும் பட்டிருந்தால் அந்தக் கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓட விடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுக்கப் பாருங்கள். வரவில்லை என்றால் அதனோடு போராடாமல் கழுவுவதைத் தொடருங்கள். செதிலாகவோ தூளாகவோ விழுந்திருந்தால் துணுக்கு இமைக்கு அடியில் ஒளிந்திருக்கும். கண்ணை எல்லாப் பக்கமும் உருட்டச் சொல்லிக் கழுவ வேண்டும்.

எவ்வளவு நேரம்? கடிகாரத்தைப் பார்த்து 30 நிமிடம். பலரும் இரண்டு நிமிடத்தில் ‘பரவாயில்லை, எரிச்சல் குறைந்துவிட்டது’ என்று நிறுத்திவிடுவார்கள். அதை நம்பாதீர்கள். கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். வண்டியில் போகும்போதும் பாட்டில் தண்ணீரைக் கண்ணில் ஊற்றிக்கொண்டே போங்கள். மருத்துவமனையில் நுழைந்ததும் ‘காரம் பட்டுவிட்டது, காஸ்டிக் சோடா’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிர் வகை ரசாயனம். கண்ணின் பிஎச், அதாவது அமில-கார அளவு, இயல்புக்கு வரும்வரை அங்கேயும் கழுவுவார்கள்.

தோலில் பட்டால்?

காய்ந்த செதில் என்றால் முதலில் தட்டி, உதறிவிடுங்கள். ஈரத் தோலில் ஒட்டிய செதில் அங்கேயே கரைந்து சுடும். பிறகு நிறையத் தண்ணீர். கரைசல் என்றால் நேராகத் தண்ணீர்தான். நனைந்த சட்டை, பேண்ட், சாக்ஸ், ஷூ, மோதிரம், வாட்ச் எல்லாம் ஷவருக்கு அடியிலேயே கழற்ற வேண்டும். வெட்கப்படும் நேரம் அது இல்லை. நனைந்த பருத்தித் துணி காரத்தைத் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். பனியனைத் தலைவழியாகக் கழற்றினால் முகத்தில் தேய்ந்து கண்ணுக்குப் போகும். கத்திரியால் வெட்டி எடுங்கள்.

குறைந்தது 15 நிமிடம், வழவழப்பு போகும்வரை, போன பிறகும் கொஞ்சம் கழுவுங்கள். அந்த வழவழப்பு வேறொன்றுமில்லை, உங்கள் தோலில் உள்ள கொழுப்பு சோப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், பற்பசை, வெண்ணெய், இங்க் எதுவும் பூச வேண்டாம். பூசினால் மருத்துவர் அதைத் துடைத்து எடுத்த பிறகுதான் புண்ணையே பார்க்க முடியும்.

காரத்தை அமிலம் முறிக்குமே. எலுமிச்சையோ வினிகரோ ஊற்றினால் என்ன?

பத்தாம் வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிற ஆள்தான் இதைக் கேட்பார். முறிக்கும், உண்மைதான். ஆனால் அமிலமும் காரமும் சேரும்போது சூடு பிறக்கும், அந்தச் சூடு ஏற்கெனவே வெந்த தோலின் மேல். எவ்வளவு ஊற்றினால் சரியாக முறியும் என்று அங்கே நின்று அளக்கவும் முடியாது. எல்லாவற்றையும்விட, எலுமிச்சம்பழம் தேடி, வெட்டி, பிழியும் நேரத்தில் காரம் உள்ளே இறங்கிவிடும். நான் பார்த்த மோசமான புண்களில் சில, காரத்தால் ஆனதைவிட ‘மருந்து’ தேடிய நேரத்தால் ஆனவை. எங்கள் பிரிவில் ஒருவருக்கு முன்கையில் சூடான கரைசல் பட்டது. குழாய் நாலடி தூரத்தில் இருந்தது. அவர் கேன்டீனுக்கு ஓடி மோர் வாங்கி ஊற்றினார். தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

பட்டபோது வலிக்கவே இல்லை. அப்படியென்றால் லேசான காயம்தானே?

இந்த ஒரு விஷயத்தில்தான் காஸ்டிக் ஆளை ஏமாற்றும். அமிலம் பட்டால் உடனே எரியும், துள்ளிக் குதித்துத் தண்ணீருக்கு ஓடுவோம். அமிலம் தோலின் புரதத்தை உறைய வைப்பதால் ஒரு பொருக்கு மாதிரி உண்டாகி, மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரத்துக்கு அந்தத் தடுப்பு கிடையாது. அது திசுவைக் கரைத்துக் கூழாக்கிக்கொண்டே கீழே இறங்கும். நீர்த்த கரைசல் பட்டால் வலி தெரியவே சில நேரம் மணிக்கணக்காகும். சாக்ஸுக்குள் நாலு சொட்டு விழுந்ததை ஷிப்ட் முடிந்து ஷூவைக் கழற்றும்போதுதான் கவனித்தவர்கள் உண்டு.

2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியில் அய்கா அலுமினா ஆலையின் கழிவுக் குளம் உடைந்து, செம்மண் சேறு மாதிரியான கழிவு கொலொன்டார், தெவெச்செர் ஊர்களுக்குள் பாய்ந்தது. பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவைக் காஸ்டிக்கில் வேகவைத்து மிஞ்சிய கழிவு அது. 10 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அவர்களில் பலருக்கு ரசாயனத் தீப்புண். பார்ப்பதற்கு அது வெறும் சேறுதான்.

யாராவது குடித்துவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது தொண்டையையும் உணவுக்குழாயையும் ஒரு தடவை சுட்டது, வெளியே வரும்போது இன்னொரு தடவை சுடும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், எலுமிச்சை எதுவும் கொடுக்க வேண்டாம். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் வேறெதுவும் உள்ளே போகக் கூடாது. உடனே 108. உதட்டிலும் வாயிலும் புண் தெரியவில்லை என்பதை வைத்து ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவு கட்டக் கூடாது, உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். உயிர் தப்பினாலும் பல வாரம் கழித்து உணவுக்குழாய் சுருங்கி, விழுங்கவே முடியாமல் போவது உண்டு.

குடிப்பவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த கரைசல். தொழிற்சாலையிலிருந்து ‘வீட்டு பாத்ரூம் கழுவக் கொஞ்சம்’ என்று பாட்டிலில் எடுத்துப் போவதை நான் கண்ணில் பட்டால் விட்டதே இல்லை. அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன்.

காஸ்டிக்கில் புகை வருமா? மூச்சில் போனால்?

சாதாரணச் சூட்டில் அது ஆவியாகாது. மூச்சுக்குள் போவது தூளும், சூடான கரைசலிலிருந்து தெறிக்கும் நுண்துளியும்தான். காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட உச்ச அளவு. அது மிகச் சின்ன அளவு, மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டும்போது எழும் தூசியிலேயே தாண்டிவிடலாம். மூக்கு எரிந்தாலோ இருமல் வந்தாலோ வெளிக்காற்றுக்கு வாருங்கள். இருமல் விடாமல் இருந்தால், மூச்சு வாங்கினால், மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நுரையீரலில் நீர் கோக்கும் பிரச்சினை சில மணி நேரம் கழித்தும் வரும்.

சரி, இது என்ன பொருள்? எங்கெல்லாம் இருக்கிறது?

வேதிப்பெயர் சோடியம் ஹைட்ராக்சைடு. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் தயாரிக்கிறார்கள். நம் பக்கத்தில் மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும் ஆகிறது. வெள்ளைச் செதிலாக மூட்டையிலும், ஏறக்குறைய 48 சதவீதக் கரைசலாக டேங்கரிலும் டிரம்மிலும் வரும். அந்தக் கரைசலுக்குத் தொழிலில் லை என்று பெயர்.

கொழுப்பையும் புரதத்தையும் கரைத்துவிடும் என்பதால்தான் பால் ஆலையில் குழாயும், பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்டரைசரும் கழுவ இது. ஓட்டல் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, அடைப்பு எடுக்கும் தூள், சாயப் பட்டறை, சோப்பு என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. தோலும் கண்ணும் கொழுப்பும் புரதமும்தான் என்று நினைத்துக்கொண்டால் மீதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

எப்படிக் கரைப்பது?

முதலில் தண்ணீர், பிறகு காஸ்டிக். ஒருபோதும் காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது அது வெளிவிடும் சூட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ செதில் போட்டாலே வெப்பம் சுமார் 25 டிகிரி ஏறும். செதிலின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் அந்தக் கொஞ்சத் தண்ணீர் முழுச் சூட்டையும் வாங்கிக் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். மே மாதத்து மத்தியானம் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் பச்சைத் தண்ணீர் இல்லை, கையை வைத்தாலே தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கலக்கிக்கொண்டே இருங்கள். மொத்தமாகக் கொட்டினால் அடியில் பாறை மாதிரிக் கட்டியாகும். அந்தக் கட்டியைக் கம்பியால் குத்தும் நேரத்தில்தான் திடீரென்று பொங்கும். கழுவச் சூடான கரைசல் தேவையா? கரைத்த பிறகு சூடேற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு போட வேண்டும்?

பால் ஆலையில் 1 முதல் 2 சதவீதக் கரைசல், 70 முதல் 80 டிகிரிச் சூட்டில் ஓட்டுவது வழக்கம். 100 லிட்டருக்கு 1.5 சதவீதம் வேண்டும் என்றால் செதில் 1.5 கிலோ. 48 சதவீத லை என்றால் சுமார் 2 லிட்டர், ஏனென்றால் லை தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். ‘குத்துமதிப்பாக ரெண்டு மக்’ என்பவரிடம் மக்கைப் பிடுங்கி அளவுச் சாடியைக் கொடுங்கள். கூடப் போட்டால் கூடுதலாகச் சுத்தமாகாது. கழுவ வேண்டிய தண்ணீரும், கழிவுநீர் நிலையத்தின் தலைவலியும்தான் கூடும்.

1 சதவீதம் என்றால் மிதமானது என்றும் நினைக்க வேண்டாம். அதன் பிஎச் 13-க்கு மேல். அதுவும் 75 டிகிரிச் சூட்டில் பட்டால் வெந்நீர்க் காயமும் காரக் காயமும் ஒன்றாக வரும்.

எந்தப் பாத்திரத்தில் வைக்கலாம்?

தடித்த பிளாஸ்டிக் டிரம், எவர்சில்வர் இரண்டும் சரி. அலுமினியம் கூடவே கூடாது. அலுமினியத்தில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு வரும், கரைசல் சூடாகும், பாத்திரம் ஓட்டையாகும். அந்த வாயுவுக்குப் பக்கத்தில் ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அழுக்கு எடுக்கிறேன் என்று ஓட்டலின் பெரிய அலுமினிய அண்டாவில் காஸ்டிக் ஊற்றி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. வாளியும் அதே கதைதான், பலர் அதை இரும்பு வாளி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

என்ன உடை, என்ன கையுறை?

நைட்ரைல், நியோப்ரீன், பிவிசி, இந்த வகைகளில் முழங்கைவரை வரும் கையுறை. தோல் கையுறையும் தோல் ஷூவும் வேண்டாம், காஸ்டிக்குக்கு அது இன்னொரு தோல்தான். கம்பூட் போடுங்கள், ஆனால் பேண்ட்டை பூட்டுக்குள் செருகாதீர்கள். செருகினால் மேலே கொட்டியது வழிந்து பூட்டுக்குள் தேங்கும், பேண்ட் வெளியே இருந்தால் தரையில் சொட்டும். கையைத் தூக்கி வேலை செய்வதென்றால் கையுறையின் விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிடுங்கள், வழிவது முழங்கைக்குப் போகாமல் அந்த மடிப்பில் நிற்கும்.

கண்ணுக்கு, பக்கமெல்லாம் மூடிய ரசாயனக் கண்ணாடி. அதன் மேல் முகக்கவசம். முகக்கவசம் மட்டும் போதாது, கீழிருந்து தெறிப்பது உள்ளே ஏறும். பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது.

கண் கழுவும் குழாய் எங்கே, எப்படி இருக்க வேண்டும்?

பொதுவாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரநிலைப்படி, ஆபத்தான இடத்திலிருந்து 10 வினாடியில் போய்ச் சேர வேண்டும், குறைந்தது 15 நிமிடம் விடாமல் தண்ணீர் வர வேண்டும். கண் தெரியாமல் தடவிக்கொண்டு போகிறவருக்கான 10 வினாடி அது என்பதை மறந்துவிடுகிறார்கள். வழியில் மூட்டை அடுக்கியிருப்பார்கள், மூட்டைக்கு அடியில் போடும் பேலட் பலகை கிடக்கும். வாரம் ஒரு முறை திறந்து ஓடவிடுங்கள், இல்லையென்றால் தேவைப்படும் நாளில் முதலில் துருத் தண்ணீர்தான் வரும். குழாய் வெயிலில் ஓடினால் தண்ணீர் சுடும், அந்தத் தண்ணீரில் யாரும் 15 நிமிடம் கண்ணைக் காட்ட மாட்டார்கள். குழாய்க்கு மேல் ஒரு நிழல் போடச் சொல்லிக் கேளுங்கள்.

வேறு எதோடு கலக்கக் கூடாது?

அமிலத்தோடு. பால் ஆலையில் காஸ்டிக் கழுவலுக்குப் பிறகு பால் கல்லை, அதாவது பாலின் தாது உப்பு படிந்து இறுகிய படிவை, எடுக்க நைட்ரிக் அமிலம் ஓட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் விட்டு முழுதாக அலச வேண்டும். அடர்ந்த லையும் அடர்ந்த அமிலமும் நேராகச் சந்தித்தால் கொதித்துத் தெறிக்கும். இரண்டின் டிரம்மும் ஒரே அறையில் பக்கம் பக்கமாக இருக்கக் கூடாது. ஒரே கை பம்பை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் போடவும் கூடாது.

அப்புறம் பிளீச்சிங் திரவம். அதோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குளோரின் சேர்த்த காஸ்டிக் கழுவு திரவங்கள் சந்தையில் உண்டு, டிரம்மின் சீட்டைப் படிக்காமல் அதன் மேல் ஆசிட் ஊற்றினால் அந்த அறையை விட்டு எல்லோரும் ஓட வேண்டியதுதான்.

கழுவி முடித்த டேங்க்குக்குள் இறங்கிப் பார்க்கலாமா?

உள்ளே போகும் அனுமதிச் சீட்டு, காற்றுச் சோதனை, வெளியே கயிற்றோடு ஒரு ஆள், இந்த மூன்றும் இல்லாமல் இறங்கவே கூடாது. பாலில் இருக்கும் சர்க்கரை சூடான காஸ்டிக்கோடு சேரும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். மணமும் நிறமும் இல்லாத வாயு அது. பழச்சாறு, சர்க்கரைப் பாகு டேங்க்குகளுக்கும் இது பொருந்தும்.

டேங்க்கே நசுங்கும் ஆபத்தும் உண்டு. 75 டிகிரியில் கழுவிய டேங்க்கை மூடியபடியே பச்சைத் தண்ணீரால் அலசினால் உள்ளே இருக்கும் நீராவி சட்டென்று சுருங்கி, வெளிக்காற்று அமுக்கி, எவர்சில்வர் டேங்க் தகர டப்பா மாதிரி உள்வாங்கிவிடும். பீர், சோடா ஆலைகளில் டேங்க்கில் கார்பன் டைஆக்சைடு மிச்சமிருக்கும்போது காஸ்டிக் அடித்தாலும் இதே கதி, காரம் அந்த வாயுவை உறிஞ்சி வெற்றிடமாக்கிவிடும். காற்றுவழி திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வால்வைத் தொடுங்கள். பால் டேங்கர் லாரி கழுவும்போதும் மேல்மூடி திறந்தே இருக்கட்டும்.

குழாய் இணைப்பைக் கழற்றும்போது?

பம்பை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, லைனை வடித்த பிறகுதான். வடித்தாகிவிட்டது என்று சொன்னாலும் வளைவில் கொஞ்சம் நிற்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டை முதலில் தளர்த்துங்கள், பீய்ச்சினால் அந்தப் பக்கம் பீய்ச்சட்டும். முகம் இணைப்புக்கு நேராக இருக்கவே கூடாது.

தரையில் கொட்டிவிட்டது. என்ன செய்வது?

ஆட்களை விலக்குங்கள், முதலில் வழுக்கும். செதில் என்றால் காய்ந்த நிலையிலேயே பிளாஸ்டிக் முறத்தில் அள்ளி மூடி போட்ட டிரம்மில் போடுங்கள். கரைசல் என்றால் காய்ந்த மணலால் அணை கட்டி, உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். மிஞ்சியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழிவுநீர் நிலையத்துக்குப் போகும் வாய்க்காலில் தள்ளுங்கள். மழைநீர்க் கால்வாயிலோ வயல் பக்கமோ விடக் கூடாது. வெளியே விடும் தண்ணீரின் பிஎச் 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

பக்கத்தில் தீப்பிடித்தால் காஸ்டிக் எரியாது. ஆனால் திறந்த செதில் மூட்டையின் மேல் தண்ணீர் பட்டால் சூடாகித் தெறிக்கும், அதைத் தீயணைப்பு வீரர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மூட்டையைத் திறந்து வைத்தால் ஈரம் பூக்கிறதே?

காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுக்கும் குணம் அதற்கு. செதில் முதலில் கசியும், பிறகு கட்டியாகும். வீரியமும் குறையும். வேண்டியதை எடுத்ததும் உள் பையை முறுக்கிக் கட்டுங்கள். பேலட்டின் மேல், ஈரமில்லாத அறையில், பார்வை மட்டத்துக்குக் கீழே வையுங்கள். லை டிரம் மலைப்பக்கக் குளிரில் உறையும், 48 சதவீதக் கரைசல் 10 டிகிரியை ஒட்டியே படிகமாக ஆரம்பித்துவிடும். ஊட்டி, குன்னூர் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சப்ளையரிடம் என்ன ஆவணம் கேட்க வேண்டும்?

பாதுகாப்புத் தரவுத் தாள். 16 பகுதிகள் இருக்கும். நாலாவது முதலுதவி, ஆறாவது கொட்டினால் செய்ய வேண்டியது, எட்டாவது பாதுகாப்பு உடை. இந்த மூன்று பக்கத்தையாவது தமிழில் எழுதி வேலை நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். அதை ஆபீஸ் பீரோவில் ஃபைல் போட்டுப் பூட்டி வைப்பது நம்மிடம் இருக்கும் ஒரு பழக்கம். மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு பிரதி கூடவே போக வேண்டும்.

காலி டிரம்மில் தண்ணீர் பிடிக்கலாமா? சாக்கை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

கூடாது. நல்ல நீல டிரம், உறுதியான சாக்கு, கொடுக்க மனம் வராதுதான். தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் கோடையில் நூறு ரூபாய்க்கு விற்றுவிடுவார்கள் என்பதும் தெரியும். சாக்கின் தையலில் செதில் ஒட்டியிருக்கும், அதில் நெல்லோ தவிடோ கட்டினால் மாட்டின் வாய்க்குப் போகும். மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைக் கரைசல் தொட்டியிலேயே ஊற்றிவிடுங்கள். பிறகு சாக்கைக் கிழித்து, டிரம்மில் ஓட்டை போட்டு, அனுமதி பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். டிரம்மை சப்ளையரே திரும்ப எடுத்துக்கொள்வதென்றால் ஓட்டை போடாமல், மூடியை இறுக்கி, சீட்டைக் கிழிக்காமல் அனுப்புங்கள்.